மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் இயல்பு நோயெதிர்ப்பாற்றலின் பங்கு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. இரத்தத்திலிருந்து டி, பி அணுக்கள் மூளைக்குள் நுழைவதால் திடீர்த் தாக்கங்கள் ஏற்படுகின்றன.

பிறப்பிலேயே அமைந்த இயல்பு நோயெதிர்ப்பாற்றலைச் சேர்ந்த மைக்ரோகிளியா அணுக்களோ மூளையிலேயே நிலைத்திருப்பவை. சிதைந்த மயலினை அகற்றிச் சீரமைப்புக்கு உதவுவது அவற்றின் பணி. எனினும், நெடுங்காலம் தூண்டப்பட்ட நிலையில் இருந்தால், பழைய புண்களின் விளிம்பில் அழற்சியை நீடிக்கச் செய்து நரம்பிழைகளைச் சேதப்படுத்துகின்றன.

ஆகவே, புதிய தாக்கம் இல்லாதபோதும் நடையோ நினைவாற்றலோ மெல்லக் குறையலாம். அது உங்கள் தவறன்று. மருந்து பயனற்றது எனக் கருதி நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அது புதிய தாக்கங்களைக் குறைக்கிறது. மெல்லத் தோன்றும் மாற்றங்களைப் பராமரிப்பாளர் தேதியுடன் குறித்துவைத்து நரம்பியல் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.