உங்களுக்குத் தெரியுமா? நிலைப்படி மஞ்சளின் கதை

நிலைப்படிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, அதன்மேல் வரிசையாகச் சிவப்புப் பொட்டு வைத்த வீடுகளைத் தெருவுக்கு நாலு பார்க்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் படியைக் கழுவிப் பூசிய மஞ்சள், குங்குமத்தின் 'நிரந்தரப் பதிப்பு' அது.

அசல் மஞ்சள் ஏன் நிற்பதில்லை? அதற்கு நிறம் தரும் குர்குமின் வெயில் பட்டால் சிதைந்துவிடும். சுண்ணாம்பு பட்டாலோ வேறொரு வேடிக்கை: காரம் ஏறியதும் மஞ்சள் சிவப்பாகிவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது இந்தச் சூத்திரத்தில்தான். ஆக, படியில் பூசிய மஞ்சளும் அதன்மேல் வைத்த பொட்டும் ஒரே கிழங்கின் இரண்டு நிறங்கள்!

காவி அப்படியல்ல. அது இரும்பு ஆக்சைடு கலந்த மண். ஏற்கெனவே துருவானதை வெயில் என்ன செய்துவிடும்? மழை கரைத்துக்கொண்டு போனால்தான் உண்டு. கோலத்துக்குக் கரை கட்டுவதும், கோயில் மதிலில் வெள்ளைக்குப் பக்கத்தில் பட்டை பட்டையாக நிற்பதும் இந்தக் காவிதான்.

அந்த வெள்ளைக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. நீர்த்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. அடித்தவுடன் மங்கலாகத் தெரியும் சுவர், காய்ந்தபின் பளீரென்று வெளுக்கும். துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலந்தால் பழுப்புச் சாயலும் அமுங்கிவிடும்.

பெயின்ட் படியில் ஒரு சங்கடம்: ஈரக்காலோடு வைத்தால் வழுக்கும். நிலைப்படியை மிதிக்காதே என்று பாட்டி அதட்டியதற்கு இப்போது புதிதாக ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.