நீரோட்டத்தோடு செல்லும் வித்தை

வெள்ளத்தில் அகப்பட்டவன் கரையேறத் துடிப்பான், அதுவே இயல்பு. ஆனால், வெள்ளம் தம்மை அள்ளிச் செல்லவேண்டுமென்றே கடலுட் குதிப்பவர்களும் உளர். முதுகிற் காற்றுருளையைச் சுமந்துகொண்டு, நீரோட்டம் இழுக்கும் திசையில் உடலை விட்டு, கடலடிக் காட்சிகளைக் கண்டவாறே செல்வதை நீரோட்டச் சுழியோட்டம் எனலாம்.

இதற்குப் பேர்போன இடங்களுள் ஒன்று, மெக்சிக்கோவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள கொசுமெல் தீவு. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே நீர் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகின்றது. பலங்கார் பவளப் பாறையருகே இறங்கியவர் கைகால்களை அதிகம் அசைக்கவேண்டியதில்லை. புகைவண்டியின் யன்னலோரம் அமர்ந்தவர்போல, கடற்பஞ்சுகளும் பவளக் கோபுரங்களும் பின்னோக்கி நகர்வதைக் காணலாம். உழைப்புக் குறைவதால் உருளையிலுள்ள காற்றும் மெதுவாகவே செலவாகும்.

எதிர்த்து நீந்தினால் என்ன? நீரின் வேகம் இருமடங்கானால், அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 1 கடல்மைல் வேகமே, காலில் றப்பர்த் துடுப்பு மாட்டிய நல்ல நீச்சற்காரரையும் விரைவிற் களைப்படையச் செய்யும். 2 கடல்மைல் வேகமோ 40 நிமிடத்தில் அவரை ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீற்றர் தூரம் கொண்டுபோய்விடும். இறங்கிய இடத்திலேயே நங்கூரமிட்டு நிற்கும் படகால் அவருக்கு யாது பயன்?

பழைய தலைக்கவசச் சுழியோடிக்குக் கப்பலிலிருந்து குழாய்வழியே காற்று வந்தது. அக்குழாய் அவனைக் கட்டியும் வைத்தது, காத்தும் நின்றது. 1943 இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் ஆக்கிய சுவாசக் கருவி அந்தக் கட்டை அறுத்தது. அறுந்த தொடர்பை இன்று ஈடுசெய்வது ஒரு சிறு மிதவையே. வழிகாட்டி அதனை நூலிற் கட்டி இழுத்துச் செல்ல, மேலே படகோட்டி அதைக் கண்ணால் விடாது தொடருவார். மிதவை இல்லையேல் நீர்க்குமிழிகளே அவருக்கு அடையாளம். மேல்நீரும் அடிநீரும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆதலால் எல்லோரும் ஒருமித்துக் குதித்து, ஒருமித்தே ஆழத்துக்குச் செல்லவேண்டும். பிந்தியவர் கூட்டத்தைப் பிரிந்துவிடுவார்.

மேலெழும்போதுங் கவனம் வேண்டும். உடலிற் கரைந்த நைதரசன் வெளியேறுவதற்காக 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரிப்பது வழக்கம். நாம் தரித்தாலும் நீர் தரிப்பதில்லை! ஆகவே, காற்றூதி நிமிர்த்தும் செம்மஞ்சள் நிறக் குழலொன்றை முன்னதாகவே மேலே அனுப்பிவிடுவர். அலைகளுக்கிடையே மனிதத்தலை ஒரு தேங்காயளவே தோன்றும். சற்றுத் தொலைவிலிருந்து அதனைக் காண்பது அரிது.

2008 யூன் மாதத்தில் இந்தோனேசியாவின் கொமோடோ தீவுகளருகே நிகழ்ந்தது இதுவே. பசிபிக் சமுத்திரத்து நீர் இந்து சமுத்திரத்தை நோக்கிப் பாயும் வழிகளுள் அத்தீவுகளின் ஒடுங்கிய நீரிணைகளும் உள. வற்றுப்பெருக்கும் சேர்ந்தால் வேகத்துக்குக் கேட்கவேண்டுமா? அங்கு மூழ்கியெழுந்த ஐரோப்பியர் ஐவர் தம் படகைவிட்டு விலகிப்போயினர். அவர்கள் புதியவர்களல்லர், சிலர் பிறருக்குப் பயிற்சியளிப்பவர்கள். ஒருவரையொருவர் பிரியாது பல மணி நேரம் மிதந்து, ரிஞ்சா தீவிற் கரையேறினர். அங்கோ வேறொரு சோதனை: 3 மீற்றர் வரை வளரும் கொமோடோ உடும்புகளின் இருப்பிடம் அது! நெருங்கிய உடும்பைக் கையிற் கிடைத்தவற்றை எறிந்து விரட்டினர். பாறைகளில் ஒட்டியிருந்த சிப்பிகளைப் பச்சையாகத் தின்று பசியாறினர். இரண்டு நாட்களின்பின் தேடுதற் படகொன்று அவர்களைக் கண்டு, ஐவரையும் உயிருடன் மீட்டது.

முதன்முறை இறங்க விரும்புவோர், நீரோட்டம் மெதுவாயுள்ள இடத்தில், அனுபவமுள்ள வழிகாட்டியோடு தொடங்குவது நன்று. அதற்குமுன் படகோட்டியிடம் கேட்கவேண்டியவை சில உள: எத்தனை பேர் இறங்குகின்றனர் என எண்ணினாரா? எத்தனை மணிக்கு மேலே வருவோம் என அறிவாரா? நாம் சுழியோடும் வேளையில் மீன்பிடிக்கத் தூண்டில் போடும் பழக்கம் அவருக்கு உண்டா?