கோடையிலும் கொட்டக்குடி ஆறு ஓடுவது எப்படி? ஊற்றைக் காட்டும் வெப்பநிலை

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குப் போகும் சாலையோடு கொட்டக்குடி ஆறும் வருகிறது. மழை ஓய்ந்து வாரக்கணக்கான பிறகும் அதில் தண்ணீர் ஓடுகிறது என்றால், அது ஏலத்தோட்டங்களுக்கும் சோலைக்காடுகளுக்கும் அடியில் மண்ணும் சிதைந்த பாறையும் பிடித்துவைத்த மழைநீர். அது கசிந்து ஆற்றுக்கு வந்துகொண்டே இருக்கிறது. எந்த இடத்தில் வருகிறது என்பது கரையில் நின்று பார்த்தால் தெரியாது. ஆற்றுப்படுகையின் சூட்டை அளந்தால் தெரியும்.

ஆற்று நீர் பகலில் சூடேறி இரவில் குளிரும். நிலத்தடி நீருக்கு இந்த ஏற்ற இறக்கம் எட்டுவதில்லை. அது அந்தந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். அதனால்தான் கிணற்றுத் தண்ணீர் சித்திரை வெயிலில் குளிர்ச்சியாகவும் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. ஆற்றுக்குள் ஊற்று திறக்கும் இடமும் அப்படித்தான்.

அளக்கும் முறை எளிது. காசு அளவே உள்ள வெப்பநிலைப் பதிவுக் கருவிகள் இரண்டு போதும். ஒன்றைப் படுகையின் மேற்பரப்பிலும், மற்றொன்றை ஒரு சாண் ஆழத்திலும் புதைத்து, சில நாள் விட்டுவைக்க வேண்டும். கீழிருந்து நீர் ஊறி வந்தால், அது பகல் சூட்டை மேலேயே தடுத்துவிடும். அடியில் உள்ள கருவி நண்பகலைக்கூட உணராது. ஆற்று நீர் பூமிக்குள் இறங்கினால், சூடும் கூடவே இறங்கும். மேலும் கீழும் உள்ள ஏற்ற இறக்கத்தின் வித்தியாசத்தையும், சூடு கீழே போய்ச்சேர எடுக்கும் நேரத்தையும் வைத்து, ஒரு நாளில் எவ்வளவு நீர் ஊறுகிறது என்றே கணக்கிடலாம்.

நீண்ட தொலைவை ஒரே மூச்சில் பார்க்க ஒளியிழை வடம் உண்டு. அதற்குள் லேசர் துடிப்பை அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியைக் கொண்டு ஏறத்தாழ மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலையை அறியலாம். ஜான் செல்கரும் சகாக்களும் லக்சம்பர்க்கின் மைஸ்பிக் ஓடையில் இதைச் செய்து 2006இல் வெளியிட்டார்கள்.

குரங்கணி மலை சார்னோகைட், நைஸ் வகைக் கடினப் பாறை. இங்கே நீர் பாறை வெடிப்புகள் வழியே அங்கங்கே வெளிவரும் என்பதால் இந்த முறை நன்றாகவே பொருந்தும். ஆனால் மரநிழலும் ஆழமான கசங்களும் மேல்மலையிலிருந்து விழும் குளிர்ந்த ஓடைகளும் ஊற்றுப் போலவே ஏமாற்றும். ஒருமுறை தொட்டுப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. இரவு பகலாக அளந்த பதிவையே நம்ப வேண்டும்.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? கோடையில் கங்கை வற்றுவதற்கு, பாசனத்துக்காக நிலத்தடி நீரை அளவுமீறி இறைப்பது முக்கியக் காரணம் என்று கரக்பூர் ஐஐடியின் அபிஜித் முகர்ஜி குழு 2018இல் எழுதியது. கங்கைக்கே அந்த நிலை என்றால், ஒரு மலையாறு எம்மாத்திரம்? நீர்வளத் துறையும் தேனி மாவட்டக் கல்லூரிகளும் ஒரு கோடைக்காலம் குரங்கணியிலிருந்து போடி வரை இந்தக் கருவிகளைப் புதைத்து, ஊற்றிடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். அந்த இடங்களுக்கு மேலுள்ள சரிவில் ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி தரும் முன் அந்த வரைபடத்தைப் பாருங்கள்.