இன்றிரவே கரண்ட் கட் ஆகாது

“சென்ற மாத பில் கட்டப்படவில்லை. இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே மின்வாரிய அதிகாரியை அழைக்கவும்.” கீழே ஒரு பத்து இலக்க செல்போன் எண். 2022-இல் தமிழ்நாட்டில் பரவலாக வந்த எஸ்.எம்.எஸ். இது. பில்லைத் தவறாமல் கட்டியவர்கள்கூட இதைப் பார்த்துப் பதறி அந்த எண்ணை அழைத்தார்கள்.

கொஞ்சம் நிதானித்தால் பொய் தெரிந்துவிடும். நம் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். பிறகு ஏது ‘சென்ற மாத பில்’? அதைவிட முக்கியமானது சட்டம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-இன்படி, உண்மையிலேயே பாக்கி வைத்தவருக்கும் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, முழுதாக 15 நாளாவது விட்ட பிறகுதான் இணைப்பைத் துண்டிக்கலாம். பகலில் எஸ்.எம்.எஸ். அனுப்பி அன்றிரவே ஃபியூஸைப் பிடுங்க யாருக்கும் அதிகாரம் இல்லை. இந்த ஒரு பிரிவை ஒவ்வொரு வீட்டிலும், குறிப்பாகத் தனியாக இருக்கும் பெரியவர்களிடம், சொல்லி வைக்க வேண்டும் என்பேன். சந்தேகம் தீரவில்லையா? எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண்ணான 94987 94987-ஐ அழையுங்கள்.

எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள எண்ணையே அழைத்தால் எதிர்முனையில் பணிவான குரல் கேட்கும். “பணம் வந்துவிட்டது சார், சிஸ்டத்தில் ஏறவில்லை. ஒரு ஆப் போட்டுப் பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்” என்பார்கள். அது உங்கள் செல்போன் திரையை அவர்களுக்குக் காட்டும் ஆப். பத்து ரூபாய் கட்ட நீங்கள் தட்டும் பின் எண்ணும், வந்து விழும் ஓ.டி.பி.யும் அவர்கள் கண் முன்னே ஓடும். வங்கி கே.ஒய்.சி., பார்சல் முகவரி, போக்குவரத்து அபராதம் என்று வேஷம் எதுவானாலும் அவசரப்படுத்துவதும், லிங்கையோ ஆப்பையோ திணிப்பதும் மாறுவதில்லை.

முறையாகப் பதிவு செய்த நிறுவனங்களின் எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புநர் பெயர் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். 2025 முதல் அதன் கடைசியில் ஓர் எழுத்தும் சேர்ந்து வருகிறது: விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. வங்கியின் பெயரைச் சொல்லிச் சாதாரண செல்போன் எண்ணிலிருந்து வந்தால் நம்பாதீர்கள். மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் அதைப் பற்றிப் புகார் செய்யலாம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வீட்டாருக்குச் சொல்லத் தயங்கும் அந்த நேரத்தில்தான் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுகிறது. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைச் சொன்னால், பணம் எடுக்கப்படுவதற்குள் அந்தக் கணக்கை முடக்க முயல்வார்கள். அடுத்து வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண்ணை வாங்குங்கள். ஓ.டி.பி.யை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையது. சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் நமக்கு இழப்பே இல்லை என்றும் அது சொல்கிறது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448.

காவல் நிலையத்தில் “இது எங்கள் எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்க வழி செய்கிறது. புகாருக்குப் பிறகு, “பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள்” என்று வேறொருவர் அழைக்கக்கூடும். அவரும் மோசடிக்காரர்தான், 1930-இல் புகாருக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.