கரித்தணலில் ஊருக்கொரு முறை: பிறாட்வூர்ஸ்ற் வாட்டும் கலை

வசந்தகாலத்தின் முதல் வெயில் எட்டிப்பார்த்ததும் ஜேர்மனிய நகரங்களின் பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் ஒரே விதமான மணம் எழுகின்றது. கரித்தணலில் கொழுப்புருகி வேகும் இறைச்சியின் மணமே அது. பாடசாலைக் கோடை விழா, தொழிற்சாலை ஒன்றுகூடல், விளையாட்டுக் கழகப் போட்டி என எங்கு சென்றாலும் வாசலில் நம்மை வரவேற்பது பிறாட்வூர்ஸ்ற் வாட்டும் அடுப்புத்தான். எம்மவரில் பலர் அவ்வடுப்பின் முன் சற்றுத் தயங்கி நிற்பதைக் காண்கின்றோம். உள்ளே இருப்பது எந்த இறைச்சி, அது முற்றாக வெந்துள்ளதா, வீட்டில் நாமே செய்வதாயின் எவ்வாறு செய்வது என்பனவே அத்தயக்கத்தின் காரணங்கள். இவற்றுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில் ஒரு மயக்கம்

'பிறாற்றன்' என்றால் ஜேர்மன் மொழியில் பொரித்தல் அல்லது வாட்டுதல். ஆகவே வாட்டப்படுவதால் இப்பெயர் வந்ததெனப் பலர் எண்ணுவர். உண்மையில் குடல் தோலுக்குள் அடைக்கப்படும் கொத்திய இறைச்சிக் கலவைக்கு 'பிறேற்' என்று பெயர். அச்சொல்லிலிருந்தே பிறாட்வூர்ஸ்ற் பிறந்தது. துரிங்கியா மாநிலத்தின் ஆர்ன்ஸ்ரட் நகரிலிருந்த கன்னியர் மடமொன்றின் கணக்கேட்டில், பிறாட்வூர்ஸ்ற் செய்வதற்கான குடல் வாங்கிய செலவு 1404ஆம் ஆண்டில் பதியப்பட்டிருக்கின்றது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இம்மக்களின் உணவில் இது இடம்பெற்றுவருவதற்கு இப்பதிவு சான்றாகும்.

தோல் வெடிப்பது ஏன்?

இவ்வுணவை வாட்டும் முறைகள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. ஆயினும் அவை யாவும் ஒரே கேள்விக்குக் கூறப்பட்ட வெவ்வேறு விடைகளே. வெளித்தோல் கருகுமுன் உட்பகுதியை வேகவைப்பது எவ்வாறு என்பதே அக்கேள்வி.

கலவையினுள் நீரும் கொழுப்பும் உள்ளன. கடுந்தணலில் வைத்தவுடன் தோல் சுருங்குகின்றது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியின்றி அழுத்துகின்றது. முடிவில் தோல் வெடிக்கின்றது. வெடித்த இடத்தால் சாறும் கொழுப்பும் ஒழுகித் தணலில் விழ, சுவாலை மேலெழுகின்றது. அப்புகையுடன் உடலுக்குத் தீங்கான பொருள்களும் இறைச்சியிற் படிகின்றன. வெடிக்காதிருக்கட்டுமென முள்ளுக்கரண்டியாற் குத்துவோரும் உளர். அதனாலும் விளைவது அதே ஒழுக்குத்தான். குத்துவதற்குப் பதிலாகத் தணலைத் தணிப்பதே தகுந்த வழி.

ஊர்களும் முறைகளும்

துரிங்கியாவில் வூர்ஸ்ற் குறைந்தது 15 சென்ரிமீற்றர் நீளமுடையது. மிளகு, உள்ளி, மார்ஜொறம் எனும் வாசனை இலை, எமது சீரகத்துக்கு உறவான கியூமல் என்பன அதிற் சேர்க்கப்படும். அங்கு முதலிற் கம்பித்தட்டைப் பன்றிக் கொழுப்புத் தோலினால் தேய்ப்பர். இதனால் இறைச்சி கம்பியில் ஒட்டாது. சாம்பல் பூத்த கரித்தணலில் வைத்து, குறட்டினால் அடிக்கடி புரட்டிப் பொன்னிறமாக்குவர். சுவாலை எழும்போது பியர் தெளிப்போர் உளர். அது சாம்பலைக் கிளப்பி இறைச்சியில் ஒட்டச்செய்யும் என்று மறுப்போரும் உளர். வெட்டிய பணிசுக்குள் வைத்துக் கடுகுக் கூழுடன் உண்பதே அங்குள்ள மரபு. தக்காளிச் சோஸ் கேட்பவரை அவ்வூரார் வியப்புடன் நோக்குவர்.

நியூரன்பேர்க் நகரத்தார் அதே கேள்விக்கு வேறொரு விடை கண்டனர்: அவர்கள் வூர்ஸ்ற்றையே சிறிதாக்கினர். நீளம் 7 முதல் 9 சென்ரிமீற்றர், எடை 20 முதல் 25 கிராம், தோலோ மெல்லிய செம்மறியாட்டுக் குடல். சிறு விரலளவே இருப்பதால் பீச் மர விறகின் கடும் அனலிலும் சில நிமிடங்களில் உள்வரை வெந்துவிடுகின்றது. தெருவில் மூன்றை ஒரு பணிசுக்குள் வைத்துத் தருவர். உணவகத்தில் ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என எண்ணித் தகரத் தட்டில் புளித்த கோவாவுடன் பரிமாறுவர். துரிங்கியா, நியூரன்பேர்க் ஆகிய இரண்டின் பெயர்களும் 2003ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப் பாதுகாப்பைப் பெற்றுள்ளன. நியூரன்பேர்க் நகர எல்லைக்குள் செய்யப்படாத எதற்கும் அப்பெயரைச் சூட்டமுடியாது.

பவேரியாவின் வட எல்லையிலுள்ள கோபூர்க் நகரின் சந்தைச் சதுக்கத்தில் விறகுக்குப் பதிலாகக் காய்ந்த பைன் மரக் கூம்புகளை எரிக்கின்றனர். அவற்றின் பிசின் கலந்த புகையே அவ்வூர் வூர்ஸ்ற்றின் தனிச்சுவை. ஆனால் கூம்புகள் பெரும் சுவாலையை எழுப்பக்கூடியன. பழக்கமற்றோர் வீட்டில் முயல்வது உகந்ததன்று.

சுவிற்சர்லாந்தின் சென்ற் காலன் பகுதியில் கன்றிறைச்சியுடன் பன்றியிறைச்சியும் பாலும் சேர்த்து வெண்ணிறமான வூர்ஸ்ற் செய்கின்றனர். இது முன்னரே வெந்நீரில் அவிக்கப்பட்டு விற்பனைக்கு வருவதால், மிதமான தணலில் நிறம் வரும்வரை வாட்டினாற் போதும். அதன் மென்சுவையைக் கடுகு மறைத்துவிடும் என்பதால், கடுகின்றிப் பாணுடன் மட்டும் உண்பதை அவ்வூரார் ஒரு கௌரவப் பிரச்சினையாகவே கருதுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியிலிருந்து புலம்பெயர்ந்தோர் இவ்வுணவை அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக்குக் கொண்டுசென்றனர். அங்கு பலர் வெங்காயமும் பட்டரும் இட்ட பியரில் மெல்ல அவித்தபின் தணலில் வாட்டுகின்றனர். 1953ஆம் ஆண்டில் பிறாட்வூர்ஸ்ற் விழாவைத் தொடங்கிய செபொய்கன் நகரிலோ, பச்சையாகவே தணலில் வாட்டி, வெந்தபின் அவ்வெங்காயப் பியரில் இட்டுச் சூடு ஆறாமற் காப்பதே முறை என்பாருண்டு. பிறந்த மண்ணைப் பிரிந்தோர் சமையலைக் கைவிடுவதில்லை. புதிய மண்ணுக்கேற்ப அதை மாற்றிக்கொள்கின்றனர். இது நாமும் அறிந்த உண்மைதான்.

வீட்டில் செய்யும்போது

முதலில் வாங்கும் பொதியைக் கவனிக்கவும். 'றோ' என்றிருந்தால் பச்சை இறைச்சி. 'கெபுறூட்' என்றிருந்தால் முன்னரே அவித்தது. பச்சையாயின் உட்பகுதி 70 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைந்து இரண்டு நிமிடங்களாவது அந்நிலையில் இருத்தல் வேண்டும். வெட்டிப் பார்க்கையில் நடுவில் இளஞ்சிவப்பாகவோ பசைபோலவோ இருந்தால் மீண்டும் தணலுக்கே அனுப்புக. பச்சை இறைச்சி வைத்த தட்டிலும், அதைத் தொட்ட குறட்டிலும் வெந்ததை எடுக்கலாகாது.

கரியை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவித்து, மறுபாதியை வெறுமையாக விடுவது மிக எளிதான வழி. கரியின்மேல் வெண்சாம்பல் படர்ந்தபின், தட்டுக்குச் சற்று மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பார்க்கவும். ஐந்தாறு வினாடிகள் தாங்க முடிந்தால் வெப்பம் மிதமானது. இரண்டு வினாடிகளிற் கையை இழுக்க நேர்ந்தால் அது மிகையானது. வூர்ஸ்ற்றை முதலில் தணலற்ற பக்கத்தில் வைத்து, மூடியிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் வேகவிட்டு, இறுதியில் மட்டும் தணலின்மேல் உருட்டி நிறமேற்றினால் தோலும் வெடிக்காது, உள்ளும் பச்சையாக இராது.

சிவப்பு நிறமான வீனர், பொக்வூர்ஸ்ற், காஸ்லர் போன்றவற்றை வாட்டுதல் நன்றன்று. அவற்றிலுள்ள நைத்திரைற் உப்பு கடும் வெப்பத்தில் புற்றுநோயை உண்டாக்கவல்ல பொருள்களாக மாறக்கூடும். பிறாட்வூர்ஸ்ற் வெளிறிய நிறமாக இருப்பது அவ்வுப்பு சேர்க்கப்படாமையினாலேயே.

உண்பவரை அறிந்து சமைப்போம்

'சுவைன்' பன்றியையும், 'றின்ட்' மாட்டையும், 'கால்ப்' கன்றையும், 'கெவ்லூகல்' கோழியினத்தையும் குறிக்கும். பன்றியிறைச்சி என நம்பி வாங்கும் கோபூர்க் வகையில் மாட்டிறைச்சியும் கலந்திருக்கும். கோழி அல்லது வான்கோழி எனப் பெயரிட்டு விற்கப்படுவதிற் பன்றிக் கொழுப்பு இருத்தல் கூடும். தோலும் பன்றிக் குடலாக இருக்கலாம். ஆகவே எழுத்துச் சிறிதாயினும் உள்ளடக்கத்தை முழுமையாக வாசிக்கவும், இறைச்சிக் கடையிற் கூச்சமின்றிக் கேட்கவும் வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாத பெற்றோரும், பன்றியிறைச்சி விலக்கிய அயலவரும், மரக்கறி உண்போரும் கூடும் இடத்தில், அவர்களுக்கெனத் தனித் தட்டும் தனிக் குறடும் வைப்பது விருந்தோம்பலின் முதற்கடமை.

ஓர் எச்சரிக்கை

மழை வந்துவிட்டதென்று எரியும் கரியடுப்பை அறைக்குள்ளோ, வாகனத் தரிப்பறைக்குள்ளோ கொண்டுசெல்லவே கூடாது. அணைந்தது போலத் தோன்றும் கரியிலிருந்தும் காபனோரொட்சைட்டு வாயு வெளியேறும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடியும் மயக்கமும் வந்தபின் எழுந்து நடக்கும் வலுவும் இராது. உறங்கியவர் உறக்கத்திலேயே இறந்த துயரங்கள் நிகழ்ந்துள்ளன. யாருக்கேனும் அத்தகைய மயக்கம் கண்டால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 112 என்ற இலக்கத்தை அழைக்கவும். அவ்வாறே, கரி பற்றவில்லையென்று மதுசாரத்தை ஊற்றுவதும் பேராபத்து. தீப்பந்தாக வெடித்தெழும் அச்சுவாலை, அருகில் விளையாடும் குழந்தைகளையே முதலில் எரிக்கும். மாடிமுகப்பில் வாட்டுவதாயின் வாடகை ஒப்பந்தம் அதற்கு இடமளிக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்வது அயலவருடனான மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

மொத்தத்தில் இக்கலைக்கு வேண்டிய முதன்மையான பொருள் பொறுமையே. அடுத்த கோடை விழாவில் அவ்வடுப்பின் முன் நிற்கும்போது இனித் தயங்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பது என்னவென்று கேட்டு, விரும்பினால் உண்டு, விரும்பாவிடின் நன்றி கூறி மறுக்கலாம். குறட்டை ஒருமுறை நம் கையில் தந்து பார்க்கும்படி கேட்டாலும் மறுப்பவர் அரிது.