துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் பிரிவில் சுட்டதைப் பார்த்துவிட்டு, “நானும் ஒரு துப்பாக்கி வாங்கிப் பழகட்டுமா?” என்று அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ யாராவது கேட்டால், என் பதில்: இப்போது வாங்காதீர்கள். முதலில் எழும்பூர் சென்னை ரைபிள் கிளப் போன்ற அமைப்பில் விசாரித்து, ஷாட்கன் பயிற்சி எங்கே நடக்கிறது, உறுப்பினராக என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

டிராப்பில் குறியாக வீசப்படும் 110 மி.மீ. விட்டமுள்ள வட்டு மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகத்தில் பறக்கும். நின்று குறிபார்க்க நேரம் கிடையாது. துப்பாக்கி உடம்போடு ஒட்டியிருந்தால்தான் சுட முடியும். பயிற்சியாளர் முன்னிலையில், குழல் காலியா என்று பார்த்துவிட்டு, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் பதியுங்கள். கண்ணைத் திறந்தால் குழல் மேலுள்ள பட்டையும் நுனி மணியும் நேராகத் தெரிய வேண்டும். குழலின் பின்பக்கமே கண்ணை மறைத்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. வலக்கைக்காரருக்கு இடக்கண் வலுவாக இருப்பதும் உண்டு; அதையும் சோதியுங்கள். டிராப்புக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரு குழல் கொண்ட 12 போர் துப்பாக்கிதான் வழக்கம். பம்ப் ஆக்‌ஷனைச் சர்வதேசப் போட்டியில் அனுமதிப்பதில்லை. விலை மலிவென்று அதை வாங்கினால் பணம் வீண். காதடைப்பும் கண்ணாடியும் முதல் நாளிலிருந்தே தேவை.

உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. “நண்பருக்கு லைசென்ஸ் இருக்கு, துப்பாக்கி நம்ம வீட்ல கொஞ்ச நாள் இருக்கட்டுமே” என்பதும் இதில் மாட்டும். தாத்தா இறந்தபின் பரணில் கிடக்கும் ஒற்றைக்குழலும் அப்படித்தான். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம்.

ஆவடி காவல் ஆணையரகம் 2022 ஜனவரி முதல் இயங்குகிறது. உங்கள் முகவரி அதன் எல்லையில் வருகிறதா என்று உறுதிசெய்துகொண்டு உரிமத்துக்கு அங்கே விண்ணப்பியுங்கள். பொதுவாக வயது 21 நிறைந்திருக்க வேண்டும். இளையோர் பயிற்சிக்கு விதிகளில் தனி வழி இருக்கிறது. காவல்துறை விசாரணை கட்டாயம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி உரிமத்தை மறுக்கக்கூடாது என்று 1959 ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். நீங்கள் கேட்டால், பொதுநலனுக்குக் கேடு என்று அதிகாரி கருதினாலொழிய, சுருக்கமாகவாவது தர வேண்டும். வாய்மொழியாக “முடியாதுங்க” என்று திருப்பி அனுப்பினால், எழுத்தில் கேளுங்கள். 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். உங்கள் தரப்பைக் கேட்காமல் அதை முடித்துவைக்க முடியாது. அதற்கும் கெடு உண்டு என்பதால் மறுப்பு உத்தரவு கைக்கு வந்த தேதியைக் குறித்துவைத்து, உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.