மலை என்னுஞ் சொல்

தேனி ஜில்லாவில் கண்டமனூரைத் தாண்டி வைகைக் கரையோடு தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு முதலில் கடமலைக்குண்டும், அடுத்து மயிலாடும்பாறையும், அதற்கப்பால் வருசநாடும் எதிர்ப்படும். மயிலாடும்பாறையில் நின்று கிழக்கே நோக்கினாலும் மேற்கே நோக்கினாலும் கண்ணை மறிப்பது மலையே. தென்திசையில் அடுக்கடுக்காய் உயர்ந்து நிற்கும் வருசநாட்டு மலையிலேதான் வைகை பிறக்கிறது. ஜனங்கள் தங்கள் ஒன்றியத்தைக் கடமலை-மயிலை ஒன்றியம் எனச் சுருக்கி வழங்குவர். ஊர்ப் பெயரில் மலை, மேலே மேகமலை, அதனைச் சார்ந்து வெள்ளிமலை. ஆண்பிள்ளைக்கு மலைச்சாமி என்றும், பெண்பிள்ளைக்கு மலையம்மாள் என்றும் பெயரிடும் குடும்பங்கள் தென்னாட்டிலே பல.

இத்துணை உரிமையோடு மலையின் பெயரை எடுத்தாளும் நாட்டிலே, மலைமீது குடியிருப்பவனுக்கு அம்மலையில் உள்ள உரிமை யாது? இவ்வினாவே நம்மை இன்று எழுதத் தூண்டியது. விடை காணுமுன், மலை என்னுஞ் சொல் நம்மிடையே எவ்வாறெல்லாம் வழங்குகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சொல்லின் செல்வம்

மலை என்பது பெயர்ச்சொல்லாய் மட்டும் நிற்பதன்று, வினையாகவும் வழங்கும். மலைத்தல் எனின் திகைத்தல். பெரியதொன்றின் முன்னே மனிதன் தன் சிறுமையை உணர்ந்து வாயடைத்து நிற்கும் நிலை அது. மலைதல் எனின் எதிர்நின்று பொருதல். மாலை சூடுதலையும் மலைதல் என்றே பழைய புலவர் கூறுவர். திகைப்பும், போரும், சூடுதலும் ஓரொலிக்குள் அடங்கிக் கிடக்கும் விந்தையை அன்பர்கள் நினைவிற் கொள்வாராக. கட்டுரையின் முடிவில் அது நமக்குப் பயன்படும்.

நம் தாய்மார் வீட்டு விளக்கு அணைந்தது என்று சொல்லார். விளக்கு மலையேறிற்று என்பர். சாமியாடியை விட்டுத் தெய்வம் நீங்கினால், சாமி மலையேறிவிட்டது என்பர். கழிந்துபோன காலமும் மலையேறியே போகிறது. ஒளிக்கும் தெய்வத்துக்கும் காலத்துக்கும் தமிழன் குறித்த இருப்பிடம் மலை. ஊர்ப் பொதுச் சொத்தை ஏப்பமிடும் பெரிய மனிதரையும் அவன் விடவில்லை. மலைமுழுங்கி மகாதேவன் என்று பட்டஞ் சூட்டினான். அப்பட்டத்துக்குரியோர் இன்றும் நம்மிடையே குறைவில்லை என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

வெற்பு, பொருப்பு, சிலம்பு, வரை, குன்று, ஓங்கல் என மலைக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர்கள் பல. குறிஞ்சி நிலத் தலைவனை வெற்பன் என்றும், பொருப்பன் என்றும், சிலம்பன் என்றும் அழைத்தனர். மண்ணின் பெயரே மனிதனின் பெயராயிற்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆயது. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கொண்டு எழுந்தது அப்பெயர். பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய அந்நூல், கூத்தரை மலைவழியே ஆற்றுப்படுத்துவது. வழிநெடுகிலும் வந்தவர்க்கெல்லாம் உணவளித்து உபசரிப்போர் மலைக்குடிகளே. நாட்டார் மலைக்குச் சென்றால் விருந்தினர், மலையார் வீட்டுக்குடையவர். அன்றைய முறை அது.

பெயராய் நின்ற மலை

திருக்கோவலூரை ஆண்டு, கடையெழு வள்ளல்களில் ஒருவனாய் விளங்கியவன் மலையமான் திருமுடிக்காரி. மலையமான் என்பது ஒருவனுக்கு இட்ட பெயரன்று, குடிப்பெயர். அக்குடியினர் சோழர் காலத்திலும் சிற்றரசராய் இருந்தனர். முதலாம் இராஜராஜனை ஈன்ற வானவன் மாதேவி அக்குடிப் பெண்ணே. இன்றும் ஒரு சமூகத்தார் அப்பெயரைத் தாங்கி வருகின்றனர்.

மேல்நாட்டாரைப் போலப் பரம்பரைப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மில் பெரும்பாலோர்க்கு இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்குப் போதும். ஆயினும் அண்ணாமலையின் மகன் கடல் கடந்து செல்வானாயின், அவன் பிரயாணச் சீட்டிலே அண்ணாமலை என்பதே குடும்பப் பெயராய் ஏறிவிடுகிறது. பேரனுக்கும் அதுவே நிற்கிறது. மொரிசியஸுக்கும் ரீயூனியனுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழர் பலருக்கும், எழுத்தர் ஏட்டில் எழுதிய பெயரே பரம்பரைப் பெயராய் நிலைத்தது.

பிற நாடுகளிலும் இவ்வழக்கு உண்டு. 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் முறைக்கு வழிகோலிய ரோலண்ட் ஹில் என்பாரின் குடும்பப் பெயருக்குக் குன்று என்பது பொருள். ஜப்பானில் 1875-ல் சாமானிய ஜனங்கள் யாவரும் குடும்பப் பெயர் கொள்ள வேண்டுமென்று அரசு கட்டளையிட்டது. அங்கே மிகுதியாய் வழங்கும் யமமோத்தோ என்னும் பெயருக்கு மலையடிவாரம் என்றும், யமதா என்பதற்கு மலைவயல் என்றும் பொருள் கூறுவர். குடியிருந்த இடமே குடியின் பெயர்.

நம் நாட்டில் மலையின் பெயர் இன்னும் நெடுந்தூரம் பிரயாணம் செய்தது. திருவண்ணாமலை என்னும் மலை தெய்வமாயிற்று. தெய்வத்தின் பெயர் மனிதர் பெயராயிற்று. அப்பெயர் தாங்கிய செட்டிநாட்டுப் பிரபு ஒருவரால் 1929-ல் அது சர்வகலாசாலையின் பெயராயிற்று. அதனைச் சூழ்ந்து எழுந்த ஊர் அண்ணாமலைநகர் ஆயிற்று. ஏழுமலை, திருமலை, மலையப்பன், மலையாண்டி, பழமலை என்று கணக்கிடப் புகுந்தால் பத்தி போதாது.

பூண்டுக்குக் கிடைத்த பேறு

மனிதரை விடுத்து விளைபொருளுக்கு வருவோம். மலைத்தேன், மலைவாழை, மலைப்பூண்டு என்று அங்காடியிலே கூவி விற்கிறார்கள். மலை என்ற அடைமொழி சேர்ந்ததும் விலை உயர்கிறது. விருப்பாச்சி மலைவாழையும் சிறுமலை மலைவாழையும் முன்னரே புவிசார் குறியீடு பெற்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் பெற்றது. வேறிடத்துப் பூண்டை அப்பெயரால் விற்பது இன்று சட்ட விரோதம். நாம் இதனை வரவேற்கிறோம். ஆயின் ஒன்று கேட்போம். பூண்டின் பெயருக்கும் அது பிறந்த மண்ணுக்கும் உள்ள தொடர்பை ஏற்று முத்திரை இட்ட அதே சர்க்கார், மனிதனின் பெயருக்கும் அவன் பிறந்த மலைக்கும் உள்ள தொடர்பை எவ்வாறு நடத்துகிறது?

ஜில்லாவைப் பார்த்த சட்டம்

தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலைக் காண்க. மலை அரையன், மலைப்பண்டாரம், மலைவேடன், மலைக்குறவன், மலையாளி எனப் பல பெயர்கள் மலையைத் தலையிற் சுமந்து நிற்கின்றன. இவருள் மலையாளி எனப்படுவோர் கேரளத்தாரல்லர். தமிழ் பேசும் மலைவாணர். காஞ்சியிலிருந்து மலையேறியவர் தம் முன்னோர் என்பது அவர்களிடையே வழிவழி வரும் கதை. ஜவ்வாது மலை, ஏலகிரி, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் அவர்கள் பரந்து வாழ்கின்றனர்.

பட்டியலிலே அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வேலி போடப்பட்டிருக்கிறது. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய ஆறு ஜில்லாக்களில் உள்ளோரே பழங்குடியினர் என்பது அதன் வாசகம். 1976-ல் பட்டியல் திருத்தப்பட்ட போது, இன்றைய ஈரோடு ஜில்லாப் பகுதி கோயம்புத்தூர் ஜில்லாவுக்குள் இருந்தது. கோயம்புத்தூரோ பட்டியலில் இல்லை. ஆகவே கடம்பூர், பர்கூர் மலைகளில் வாழும் மலையாளிகள், அதே குலத்தாராயினும், அதே வாழ்க்கை வாழ்வோராயினும், பழங்குடிச் சான்றிதழுக்காகப் பல்லாண்டு போராட நேர்ந்தது. மலைத்தொடர் ஜில்லா எல்லையைக் கண்டு நிற்பதில்லை. சட்டம் எழுதியோர் மலையைப் பார்க்கவில்லை. ஜில்லாப் படத்தைப் பார்த்தனர். தங்கை கொண்டு கொடுத்த வீடு எல்லைக்கு அப்புறம் இருந்தால் அவள் பழங்குடி. அண்ணன் இப்புறம் இருந்தால் அவன் பழங்குடியல்லன். இது நீதியாகுமா?

மலையகம் என்னும் பெயர்

கடலுக்கப்பால் இலங்கையில் இச்சொல் வேறொரு பணி செய்தது. நம் நாட்டு ஏழைகள் கோப்பித் தோட்டத்துக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டத்துக்கும் சென்று, அம்மலைகளைத் தம் உழைப்பால் பொன் விளையும் பூமியாக்கினர். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964-ல் சாஸ்திரியாரும் சிறீமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. 1974-ல் அவர்களையும் சரிபாதியாய்ப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை.

அங்கே இருந்தவரை இந்தியத் தமிழர் என்றனர். இங்கே வந்தவரைச் சிலோன்காரர் என்றனர். இரு கரையிலும் அந்நியப் பெயர்! இந்நிலையில் அம்மக்கள் தமக்குத் தாமே தேர்ந்துகொண்ட பெயர் மலையகத் தமிழர் என்பது. எங்களை எந்தத் தேசத்தான் என்று கேளாதே. இந்த மலையை உண்டாக்கியவன் என்று அறிந்துகொள் என்பது அப்பெயரின் பொருள். 2003-ல் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் வந்தது. 2023-ல் தங்கள் வரவின் 200-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, அவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே சென்றனர். முன்னோர் நடந்து மடிந்த வழி அது. காணி உரிமை கேட்டு எழுந்த குரல் அந்நடையின் உயிர்நாடி. பெயரை வென்றோர் நிலத்தை இன்னும் வெல்லவில்லை.

வருசநாட்டுக்குத் திரும்புவோம்

இனி நாம் புறப்பட்ட இடத்துக்கே வருவோம். மேகம் தவழும் மலைக்கு மேகமலை என்று தமிழன் பெயரிட்டான். வெள்ளைக்காரன் அலையலையாய்த் தெரியும் அதன் முகடுகளைக் கண்டு ஹைவேவிஸ் என்றான். தேயிலைத் தோட்டத்தோடு வந்த அப்பெயர் அங்குள்ள பேரூராட்சியின் பெயராயும் நிலைத்தது. ஆனால் அம்மலைகளில் தொன்றுதொட்டு வாழும் பளியர்கள் எந்தக் குகைக்கு, எந்த ஓடைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதைப் படத்திலே எழுதியவர் யார்? 

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. வைகையின் தலைப்பிலுள்ள காடு காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. காடு போனால் வைகை போகும். வைகை போனால் மதுரையும் இராமநாதபுரமும் வாடும். ஆயினும் அரசரடி, பொம்மராஜபுரம் முதலிய மலைச் சிற்றூர்களில் இலவ மரமும் கொட்டை முந்திரியும் வைத்துப் பிழைக்கும் குடிகள், எந்நாளில் வெளியேற்றம் வருமோ என்னும் அச்சத்தோடு வாழ்ந்து வந்திருக்கின்றனர். இவர்களுள் பல தலைமுறையாய் உள்ளோரும் உளர். பின் வந்து காடு திருத்தியோரும் உளர். பிறர் பெயரில் நிலம் வளைத்த செல்வரும் இல்லாமலிருக்க மாட்டார். எல்லாரையும் ஆக்கிரமிப்பாளர் என்ற ஒரே சாக்கில் கட்டுவது அநீதி. எல்லாரையும் ஏழை என்ற ஒரே கூரையில் ஒளிப்பதும் அநீதி. பகுத்தறிய வேண்டும்.

பகுத்தறியும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ல் பார்லிமெண்டு இயற்றிய வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன் காட்டில் குடியிருந்து பயிர்செய்த பழங்குடியினர்க்கு உரிமை உண்டு. மற்றையோர், அத்தேதிக்கு முன் 75 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை முதலில் ஆராய்வது கிராம சபை. உரிமை ஆராய்ந்து முடியுமுன் எவரையும் வெளியேற்றலாகாது என்றும் சட்டம் கூறுகிறது. ஏட்டில் பெயரில்லாதவருக்கு ஊர் முதியோரின் வாக்குமூலமும் சான்றாகும். ஆனால் நம் மாகாணத்தில் நீதிமன்ற இடைக்காலத் தடையினால் 2016 வரை பட்டா வழங்கும் வேலை தடைப்பட்டுக் கிடந்தது. அதற்குள் சான்று கூறத்தக்க முதியவர் எத்தனை பேர் கண் மூடினரோ!

ஆகவே நம் தேசத் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இதுவே. மேடையில் மலைவளம் பாடியது போதும். மயிலாடும்பாறைக்கும் வருசநாட்டுக்கும் செல்லுங்கள். கடம்பூருக்கும் பர்கூருக்கும் செல்லுங்கள். கிராம சபை கூடும் நாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். முதியவர் வாய்மொழியைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பொய் விண்ணப்பம் வந்தால் அதைத் தள்ளவும் துணியுங்கள். மலையாளிகளின் பட்டியலில் ஜில்லாப் பெயர்களை நீக்கும்படி உங்கள் பிரதிநிதிகளை நெருக்குங்கள். இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. காலும் எழுதுகோலும் போதும்.

சர்க்கார் கச்சேரியின் கட்டுக் காகிதங்களைக் கண்டு மலைக்குடிகள் இன்று மலைத்து நிற்கின்றனர். தொடக்கத்தில் நாம் குறித்த மற்றொரு வினை இருக்கிறது. மலைத்தது போதும், இனி மலைக. ஆயுதமேந்தியன்று, சட்டமேந்தி, உண்மையேந்தி எதிர்நிற்க. மலையின் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டிய மக்கள், அம்மலையிலே தம் காலூன்ற ஒரு சாண் நிலத்துக்குத் தகுதியற்றவர் என்று எந்த நியாயஸ்தலமும் கூற இயலாது.